கத்தரி வைப்பதற்கு முன்: மணப்பெண் ரவிக்கையும் கணினி அளவும்

தையல் கடைக்குப் புறப்படும்போது புதுத் துணியோடு பழைய ரவிக்கை ஒன்றையும் பையில் எடுத்து வைப்பது நம் வீடுகளில் வழக்கம். அதற்கு 'அளவு ஜாக்கெட்' என்று பெயர். நிறம் வெளுத்திருக்கும், கொக்கி ஒன்று போயிருக்கும், அதற்குப் பொருத்தமான புடவையை எப்போதோ யாருக்கோ கொடுத்திருப்பார்கள். ஆனாலும் அதைத் தூக்கியெறிய மனம் வராது. என்றைக்கோ ஒருநாள், யாரோ ஒருவர் கையில், உடம்புக்குக் கச்சிதமாக அமைந்துவிட்ட ரவிக்கை அது. தையல்காரர் அதை மேசையில் விரித்து நீவி, புதுத் துணிமேல் வைத்துச் சாக்பீஸால் கோடு இழுத்துக்கொள்வார். பல நேரம் டேப்பைத் தொடவே மாட்டார்.

அன்றாட ரவிக்கைக்கு இந்த ஏற்பாடு போதும். கல்யாண ரவிக்கை என்று வரும்போது இது தடுமாறுகிறது. ஏன் என்று புரிந்துகொள்ள, அந்த ரவிக்கை எந்த வரிசையில் உருவாகிறது என்று பார்க்க வேண்டும்.

சாதாரண ரவிக்கையில் முதலில் வெட்டு, பிறகு தையல், கடைசியில் உடுத்திப் பார்த்துத் திருத்தம். ஆரி வேலைப்பாடு செய்யும் ரவிக்கையில் வரிசை தலைகீழ். முதுகு, முன்பக்கம், கைகள் எல்லாவற்றின் கோடுகளையும் வெட்டாத துணியில் வரைகிறார்கள். அந்தத் துணியை மரச்சட்டத்தில் மேளத்தோல் போல இழுத்துக் கட்டுகிறார்கள். கொக்கி முனை கொண்ட ஊசியால் நாள்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில், சரிகையும் மணியும் கல்லும் கோக்கிறார்கள். கத்தரி வருவது அதற்குப் பிறகுதான். ஆக, அளவு சரியா தவறா என்பது செலவும் உழைப்பும் தீர்ந்த பின்னரே தெரியவருகிறது. கை அரை அங்குலம் இறுக்கம் என்றால் பிரித்துத் தைப்பது பெரும்பாடு. தையல் ஓட வேண்டிய இடத்தில் மணிகள் நிற்கும், அவற்றை உடைத்தால்தான் ஊசி இறங்கும். துணியையே மாற்றிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. காஞ்சிபுரம் பட்டில் ரவிக்கைத் துண்டு புடவையோடு சேர்ந்தே நெய்து வருகிறது, ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். அதே சாயம், அதே கரை மறுபடி கிடைக்காது.

எங்கள் உறவில் ஒரு திருமணம். ரவிக்கை முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை வந்து சேர்ந்தது. நின்றால் அழகாக இருந்தது. மறுநாள் மேடையில் மணமாலை மாற்றும்போது பெண் இரண்டு கைகளையும் தூக்கினாள், வலது கைக்குழியில், அதாவது ரவிக்கையோடு கை சேரும் வளைவில், தையல் விட்டது. அத்தை ஒருவர் முந்தானையைச் சரிசெய்வது போல நெருங்கிப் போய் மூன்று ஊக்குகள் குத்திவிட்டு வந்தார். புகைப்படங்களில் ஒன்றும் தெரியாது. பெண் மட்டும் விருந்து முடியும் வரை முழங்கைகளை விலாவோடு ஒட்டியே வைத்திருந்தாள். தைத்தவர் அளவைத் தவறாக எடுத்ததாகவே வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பிறகு ரவிக்கையை அளந்து பார்த்தபோது மார்பும் இடுப்பும் கையும் சரியாகவே இருந்தன. தவறு எண்ணில் இல்லை, கைக்குழியின் வடிவத்தில் இருந்தது.

டிஜிட்டல் தொழில்நுட்பம் மண ஆடைகளுக்கு உண்மையில் என்ன செய்கிறது என்ற கேள்விக்கு அந்தக் கைக்குழியே நல்ல நுழைவாயில். டேப்பைவிடத் துல்லியமாக அளக்கிறது என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் பெருமை. அது பாதி உண்மை. அதன் பெரிய உதவி வேறு இடத்தில் இருக்கிறது: முகூர்த்த மேடையில் தெரியவரும் தவற்றை, துணியில் கத்தரி படும் முன்பே, இன்னும் சொன்னால் ஊசி படும் முன்பே காட்டிவிடுகிறது.

புடவைக்கு அளவு என்ற தொல்லையே இல்லை என்பதை நாம் அடிக்கடி மறக்கிறோம். ஐந்தரை மீட்டர் துணி தாய்க்கும் பொருந்தும், மகளுக்கும் பொருந்தும். கொசுவத்தைக் கூட்டிக் குறைத்தால் போதும். பொருத்தத்தின் முழுச் சுமையும் அந்த 80 சென்டிமீட்டர் துண்டின் தலையில் விழுகிறது. மேற்கத்திய வெள்ளைக் கவுனில் இந்தச் சுமை தோள் முதல் கால் வரை பரவியிருக்கிறது. தோள்பட்டி இல்லாத கவுன் என்றால் இன்னும் சிக்கல்: அது தோளில் தொங்குவதில்லை, உள்ளே இடுப்பைச் சுற்றி ஒரு பட்டி இறுக்கிப் பிடிக்க, விறைப்பான கம்பிகள் மேல்பாகத்தைத் தூக்கி நிறுத்துகின்றன. இடுப்பு ஒரு அங்குலம் தளர்ந்தால் மொத்தக் கவுனும் நழுவும்.

இத்தனைக்கும் அந்தக் கவுனை அங்கே பெரும்பாலோர் உடல் அளவுக்குத் தைக்கச் சொல்வதில்லை. கடையில் மாதிரி ஒன்றை உடுத்திப் பார்த்து, அட்டவணையில் தமக்கு அருகில் வரும் எண்ணைச் சொல்லிப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்கிறார்கள். வந்து சேர்ந்ததும் திருத்தம் செய்பவரிடம் இரண்டு மூன்று முறை போகிறார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்பது தனிக் கதை. 1939, 1940 ஆண்டுகளில் அமெரிக்க வேளாண் துறை ஏறத்தாழ 15,000 பெண்களை, ஒவ்வொருவரையும் 59 இடங்களில் அளந்தது. 1941இல் முடிவுகள் வெளியாயின. வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அந்தத் தரவை அடியாகக் கொண்டு 1958இல் ஓர் அளவுத் தரம் வந்தது. அதில் 8ஆம் எண் என்றால் மார்பு 31 அங்குலம், இடுப்பு இருபத்து மூன்றரை. பின்னாளில் வாங்குபவரின் மனம் குளிரட்டும் என்று ஆடை நிறுவனங்கள் அதே எண்ணுக்குள் பெரிய உடலைப் பொருத்திக்கொண்டே போயின. இன்றைய 8ஆம் எண் ஏறக்குறைய 1958இன் 16ஆம் எண்ணுக்குச் சமம். 1983இல் அந்தத் தரத்தையே விலக்கிக்கொண்டார்கள். மணக் கவுன்களின் எண்களோ அன்றாட உடைகளின் எண்களோடு ஒத்துப்போவதில்லை. வழக்கமாக 8 உடுத்துபவரிடம் கவுன் கடையில் 10 அல்லது 12 என்று சொல்வார்கள். கல்யாணக் கனவோடு போகும் பெண்ணுக்கு இது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அளவு ஜாக்கெட்டை நாம் கிராமத்துப் பழக்கம் என்று சிரிக்கக் கூடாது என்பதற்கு இந்த எண்களின் கதையே சான்று. ஐரோப்பாவிலும் 18ஆம் நூற்றாண்டில் தையல்காரர்கள் எண்களால் அளக்கவில்லை. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு காகிதப் பட்டை; மார்பு இவ்வளவு, தோள் இவ்வளவு என்று அதில் சிறு வெட்டுகள். அங்குலம் குறித்த டேப் பரவலானது 19ஆம் நூற்றாண்டில்தான். காகிதப் பட்டை ஒரு மனிதருக்கு மட்டுமே சொந்தம். டேப்பின் எண்ணை யாருக்கும் சொல்லலாம், எழுதி அனுப்பலாம், சராசரி எடுக்கலாம். அந்த வசதி வந்தபோது உடலின் வடிவம் கைநழுவியது.

36 அங்குல மார்புச் சுற்றளவு கொண்ட இரண்டு பெண்களை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு முதுகு அகலம், முன்பக்கம் குறைவு. இன்னொருவருக்கு முதுகு ஒடுக்கம், முன்பக்கம் நிறைவு. டேப் இருவருக்கும் ஒரே எண்ணைத்தான் சொல்லும். ஒரே எண்ணுக்கு வெட்டினால் முதலாமவருக்கு முதுகில் இழுக்கும், இரண்டாமவருக்கு முன்கொக்கிகளுக்கு இடையே திறக்கும். தோளின் சரிவும் அப்படித்தான்; டேப் தோளின் நீளத்தைச் சொல்லும், சரிவைச் சொல்லாது. நம்மில் பலருக்கு ஒரு தோள் மற்றதைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். கணினிமுன் குனிந்தே வேலை பார்ப்பவருக்கு முதுகு நீண்டு, முன்பக்கம் குறுகியிருக்கும். கழுத்து இறக்கம் அதிகமான ரவிக்கை தோளிலிருந்து நழுவுவதற்கு இவை எல்லாமே காரணம். அனுபவமுள்ள தையல்காரர் ஆள் உள்ளே நுழையும்போதே இதையெல்லாம் பார்த்துவிடுவார். குறிப்பேட்டில் எழுத மாட்டார், கத்தரி பிடித்த கை அறிந்து வளைத்துவிடும். அவர் கடையை மூடிவிட்டால் அந்த அறிவும் போய்விடும்.

முப்பரிமாண ஸ்கேன் இந்த இடத்தில் நுழைகிறது. உடலைச் சுற்றி நிற்கும் கருவிகள் ஒளிக்கோடுகளை வீசி, அவை உடலின் மேல் எப்படி வளைகின்றன என்பதைக் கேமராக்களால் பதிந்து, இலட்சக்கணக்கான புள்ளிகளால் உடலின் மேற்பரப்பைக் கட்டுகின்றன. சில நொடி வேலை. அதன் பிறகு சுற்றளவு மட்டுமல்லாமல், அதில் முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று பிரித்துக் கேட்கலாம். தோளின் சரிவைக் கோணமாகக் கேட்கலாம். இடம் வலம் வேறுபாட்டைக் கேட்கலாம். ஆறு மாதம் கழித்து, அன்று எடுக்க மறந்த அளவை இன்று எடுக்கலாம். பெண்ணை மறுபடி வரச்சொல்ல வேண்டாம்.

நாடுகள் தங்கள் மக்களை இப்படி அளப்பது பரவியது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில். பிரிட்டனில் 2001, 2002இல் நடந்த 'சைஸ் யூகே' ஆய்வில் 11,000 பேரை ஸ்கேன் செய்தார்கள். பெண்களின் சராசரி மார்புச் சுற்றளவு 1951ஆம் ஆண்டுக் கணக்கைவிட ஒன்றரை அங்குலம் கூடியிருந்தது. இடுப்போ ஆறு அங்குலத்துக்கு மேல் பருத்திருந்தது. உடல் வெறுமனே பெரிதாகவில்லை, வடிவம் மாறியிருந்தது. பழைய வெட்டுப் படியை, அதாவது துணியை எப்படி வெட்டுவது என்று காட்டும் வரைபடத்தை, சீராகப் பெரிதாக்கினால் ஏன் பொருந்தாது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டாம். இந்தியாவுக்கென்று சொந்தமான அளவு அட்டவணை நெடுங்காலம் கிடையாது. அமெரிக்க, பிரிட்டன் அட்டவணைகளையே அங்கும் இங்கும் ஒட்டி வெட்டிப் பயன்படுத்தி வந்தோம். அந்தக் குறையைத் தீர்க்க, ஆடை வடிவமைப்பைக் கற்பிக்கும் 'நிஃப்ட்' என்ற தேசிய நிறுவனம் ஆறு நகரங்களில், 15 முதல் 65 வயதுவரை உள்ள 25,000 பேரை ஸ்கேன் செய்யும் 'இந்தியா சைஸ்' திட்டத்தை மேற்கொண்டது. ஆயத்த ரவிக்கைகளுக்கு இது உதவும். கல்யாண ரவிக்கைக்குச் சராசரியால் பெரிய பயன் இல்லை. அங்கே உடல் ஒன்றே ஒன்றுதான்.

ஸ்கேன் அறை எல்லா ஊரிலும் இல்லை. கைபேசி இருக்கிறது. இன்று பெரும்பாலோர் சந்திக்கும் டிஜிட்டல் அளவு இதுதான்: இறுக்கமான உடையில் முன்னாலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், உயரம் எவ்வளவு என்று ஓர் எண். மிச்சத்தை மென்பொருள் சொல்லிவிடுகிறது. இணையத்தில் ஆடை விற்கும் ஜப்பானின் சோசோ நிறுவனம் 2018இல் வேறொரு வழியில் போனது. உடல் முழுக்க வெள்ளைப் புள்ளிகள் அச்சிட்ட கறுப்பு உடையை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பி, கைபேசியின்முன் கடிகார முள்போலப் பன்னிரண்டு நிலைகளில் திரும்பி நிற்கச் சொன்னது. கருத்து அபாரம். ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள்ளாகவே அந்த உடையை நம்பியிருப்பதிலிருந்து நிறுவனம் பின்வாங்கத் தொடங்கிவிட்டது.

இரண்டு படங்களிலிருந்து முழு உடலையும் எப்படிக் கண்டுபிடிக்கிறது? கண்டுபிடிப்பதில்லை, ஊகிக்கிறது. ஆயிரக்கணக்கான உடல்களின் ஸ்கேன்களிலிருந்து, மனித உடல் எந்தெந்த வகைகளில் வேறுபடும் என்று கற்றுக்கொண்ட ஒரு கணித உடல் அதனிடம் இருக்கிறது. படத்தில் தெரியும் வெளிக்கோட்டுக்குள் அந்தக் கணித உடலை நீட்டிச் சுருக்கிப் பொருத்துகிறது. ஆய்வுலகில் பெரிதும் புழங்கும் 'எஸ்எம்பிஎல்' என்ற மாதிரியை ஜெர்மனியின் மேக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2015இல் வெளியிட்டார்கள். அது உடல் வடிவத்தைக் கற்றது 'சீசர்' என்ற பழைய ஸ்கேன் தொகுப்பிலிருந்து; அமெரிக்கா, நெதர்லாந்து, இத்தாலி ஆகிய நாடுகளில் எடுத்த அளவுகள் அவை. கேமராவுக்குத் தெரியாத பகுதியை இப்படிப்பட்ட மாதிரி நிரப்பும்போது, திருநெல்வேலிப் பெண்ணின் முதுகை மிலான் நகரத்து முதுகை வைத்து நிரப்ப வாய்ப்பு உண்டு. 1941இன் கணக்கில் யாரைச் சேர்க்கவில்லை என்ற கேள்வி இங்கே வேறு உருவில் திரும்பி வருகிறது.

இதைவிடச் சாதாரணமான பிழைகளும் உண்டு. கணக்கு முழுவதும் நாம் சொல்லும் உயரத்தில் தொங்குகிறது. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் பெருமைக்காக 163 என்று போட்டால் எல்லா அளவும் ஏறக்குறைய இரண்டு விழுக்காடு பெருகும். 36 அங்குல மார்பு 36.7 ஆகிவிடும். ரவிக்கையில் முக்கால் அங்குலம் என்பது சிறிய விஷயமா என்று தைப்பவரைக் கேளுங்கள். ஆழமாக மூச்சை இழுத்துக்கொண்டு நின்றால் மார்பு சில சென்டிமீட்டர் விரியும். படம் எடுக்கிறோம் என்றதும் வயிற்றை உள்ளிழுப்பது யாருக்கும் சொல்லித்தர வேண்டாத பழக்கம். தொழில்முறை ஸ்கேனுக்கும்கூட, பெரிய சுற்றளவுகளில் கையால் அளந்ததற்கும் கருவி அளந்ததற்கும் சராசரி வேறுபாடு 9 மில்லிமீட்டர்வரை இருக்கலாம் என்றுதான் பன்னாட்டுத் தரம் சொல்கிறது. நல்ல கை பிடித்த டேப் இன்னும் தோற்றுவிடவில்லை.

இனிதான் முக்கியமான முடிச்சு. ஸ்கேன் தருவது உடலின் அளவு. தைக்க வேண்டியது துணி. இரண்டுக்கும் நடுவே மூச்சுவிடவும் உட்காரவும் கொஞ்சம் இடம் வேண்டும். அதைத் தையல்காரர்கள் 'லூஸ்' என்கிறார்கள். உடலோடு ஒட்டும் ரவிக்கைக்கு மார்பில் ஓர் அங்குலம் போதும் என்பார் ஒருவர், ஒன்றரை விடுவார் இன்னொருவர். அது பெண்ணின் விருப்பம், வயது, துணி, எவ்வளவு நேரம் உடுத்துவார் என்பதையெல்லாம் பொறுத்தது. எந்த ஸ்கேனும் இதைச் சொல்லாது. அளவு ஜாக்கெட்டின் மகிமை இங்கேதான் இருக்கிறது. உடலையும் அந்த உடலுக்குரியவர் விரும்பும் லூஸையும் ஒன்றாகக் கூட்டித் தன்னுள் வைத்திருக்கிறது அது. கணினியில் வெட்டுப் படி வரையும் தையல்காரர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஸ்கேன் அளவு வந்த பிறகும் அவர் அளவு ஜாக்கெட்டைக் கேட்டு வாங்குகிறார். இரண்டையும் கழித்தால் வருவதுதான் அந்தப் பெண்ணின் லூஸ். 'அதைக் கோப்பில் ஏற்றிவிட்டால் அவருக்கு எந்த மாடலும் வெட்டலாம்' என்றார். நான் கேட்டவற்றில் இந்தத் தொழில்நுட்பத்தைப் பற்றிய மிகச் சிறந்த விளக்கம் இதுதான்.

வெட்டுப் படியைக் கணினியில் வரைவது புதிதல்ல. பிரான்சின் லெக்ட்ரா நிறுவனம் 1973இல் தொடங்கியது. அமெரிக்காவின் கெர்பர் அதற்கும் முன்பே தானாக வெட்டும் இயந்திரங்களைக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் அவை பெரிய ஆலைகளின் கருவிகள். தெருமுனைக் கடைக்கு எட்டக்கூடியதாக மாறியது அண்மையில்தான். வாலண்டினா போன்ற கட்டற்ற மென்பொருளில் கோடுகளை எண்களால் வரையாமல் உறவுகளால் வரையலாம்: கைக்குழியின் ஆழம் மார்புச் சுற்றளவில் இத்தனை பங்கு, 'டாட்' எனப்படும் கூம்பு மடிப்பின் முனை மார்பின் உச்சியிலிருந்து இவ்வளவு தள்ளி. ஒருவரின் அளவை எடுத்துவிட்டு இன்னொருவரின் அளவைப் போட்டால் கோடுகள் தாமாக நகர்ந்துகொள்ளும். நல்ல தையல்காரரின் தலைக்குள் இருக்கும் கணக்கு இங்கே வெளியே எழுதப்படுகிறது.

அதற்கு அடுத்த படி, வரைந்ததைத் திரையிலேயே தைத்துப் பார்ப்பது. தென்கொரியாவில் 2009இல் தொடங்கிய 'க்ளோ' இந்த வகை மென்பொருள்களில் நன்கு அறியப்பட்டது. ஸ்கேன் செய்த உடல் திரையில் நிற்கும். வெட்டுப் படியின் துண்டுகள் அதைச் சுற்றி மிதந்து, தையல்கள் சேர்ந்து, துணி உடலின்மேல் விழும். பிறகு இழுவிசையை நிறமாகக் காட்டச் சொல்லலாம். இறுகும் இடம் சிவக்கும், தளர்ந்த இடம் நீலமாகும். கையை உயர்த்தச் சொன்னால் கைக்குழியிலிருந்து முதுகை நோக்கிச் சிவப்பு படரும். எங்கள் உறவுப் பெண்ணின் ரவிக்கை அன்று மேடையில் காட்டியதை இது துணி வெட்டும் முன்பே காட்டியிருக்கும்.

கைக்குழி பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலரும் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள். கை தூக்க வசதியாக இருக்கட்டும் என்று கைக்குழியை ஆழமாக வெட்டச் சொல்வார்கள். ஆழம் கூடினால் கையை உயர்த்தும்போது ரவிக்கையின் பக்கவாட்டு முழுவதும் சேர்ந்து மேலே இழுபடும். அக்குளுக்கு நெருக்கமாக வெட்டிய கைக்குழியில் கை மட்டும் தனியாக அசையும். மூத்த தையல்காரர்களுக்கு இது தெரியும். வாடிக்கையாளரிடம் வாதாடி வெல்ல முடியாமல் விட்டுவிடுவார்கள். திரையில் இரண்டு வெட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கையைத் தூக்கிக் காட்டினால் வாதம் இரண்டு நிமிடத்தில் முடிகிறது.

ஆனால் திரையில் விழும் துணி, நாம் சொன்ன துணிதான். எடை, தடிமன், எவ்வளவு வளையும், பாவிலும் ஊடையிலும் குறுக்கிலும் எவ்வளவு நீளும் என்ற எண்களை மென்பொருளுக்குக் கொடுக்க வேண்டும். சரிகை நெருக்கமாக ஓடும் பட்டு பருத்தியைப் போல வளையாது. அதன்மேல் ஆரி வேலைப்பாடு ஏறிவிட்டால் அது துணியாகவே நடந்துகொள்ளாது; கை முழுவதும் மணி கோத்த ரவிக்கையின் கை கிட்டத்தட்ட அட்டைக் குழாய் போல நிற்கும். வழக்கமாக 'கிராஸ்' வெட்டில் முன்பக்கத்தைக் குறுக்காக வெட்டுவது, துணி கொஞ்சம் நீண்டு உடலோடு படியட்டும் என்பதற்காக. வேலைப்பாடு அந்த நீட்சியைப் பூட்டிவிடுகிறது. உள்ளே கொடுக்கும் பருத்தி லைனிங்கும் பூட்டுகிறது. அதை நனைத்துக் காயவைக்காமல் தைத்துவிட்டால் முதல் வியர்வையிலேயே சுருங்கி மொத்தத்தையும் இழுக்கும். இதையெல்லாம் அறியாமல் மென்பொருளின் பட்டியலில் இருக்கும் ஏதோ ஒரு 'சில்க்'கைத் தேர்ந்தெடுத்தால் திரையில் எல்லாம் நீலமாகவே தெரியும்.

இன்னொரு பொறி அச்சிடுவதில் இருக்கிறது. பெரிய தாளில் அச்சிடும் 'பிளாட்டர்' கருவி இல்லாத ஊரில் வெட்டுப் படியை ஏ4 தாள்களில் அச்சிட்டு ஒட்டுவார்கள். அச்சுக் கடையில் 'பக்கத்துக்குள் பொருத்து' என்ற அமைப்பு தானாக இயங்கிவிட்டால் எல்லாக் கோடும் சில விழுக்காடு சுருங்கும். யாருக்கும் தெரியாது, ரவிக்கை முழுவதும் ஒரே சீராகச் சிறுத்திருக்கும். அதனால்தான் இத்தகைய படிகளின் ஓரத்தில் அளவு குறித்த ஒரு சிறிய சதுரம் இருக்கிறது. அச்சான பிறகு அதன்மேல் ஸ்கேலை வைத்து அளக்க வேண்டும். அத்தனை கணினிக்கும் காவல் கடைசியில் ஒரு பள்ளிக்கூட ஸ்கேல்.

அளவு சரியாகிவிட்டால் வேலைப்பாட்டுக்கும் அது நன்மை. வெட்டுப் படியின்மேலேயே பூவும் கொடியும் வரைய முடிவதால், தோள் தையலில் பாதி மயில் மறைவதும் முதுகுக் கழுத்தின் நடுப்பூ ஒருபக்கம் ஒதுங்குவதும் குறைகின்றன. அந்தத் தாளைத்தான் ஊசியால் துளையிட்டுத் துணியில் பொடி தேய்த்துப் பதிக்கிறார்கள். அதற்குமேல் நடப்பது முழுக்கக் கைவேலை.

உடுத்திப் பார்க்காமலேயே உடுத்தியது போலப் படம் காட்டும் செயலிகளை இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. உங்கள் படத்தின்மேல் ஒரு ரவிக்கையையோ கவுனையோ வரைந்து காட்டும் செயலிக்கு உங்கள் அளவும் தெரியாது, துணியின் அளவும் தெரியாது. அது வரைவது எப்போதும் கச்சிதமாகவே இருக்கும். கச்சிதமில்லாமல் வரைய அதற்குக் காரணமே இல்லை. நிறம் எடுக்குமா, கழுத்து இந்த முகத்துக்குப் பொருந்துமா என்று பார்க்க உதவும், அவ்வளவுதான். விளம்பரங்கள் இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்வது எனக்கு உறுத்துகிறது.

இந்த மாற்றத்தால் அதிகம் பயன்பெறுபவர்கள் தையல்காரரிடமிருந்து கடல் தாண்டி இருப்பவர்கள். டொரன்டோவிலோ லண்டனிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பெண்ணின் கூறைப் புடவைக்கு ரவிக்கை சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ தைப்பது சாதாரணமாகிவிட்டது. முன்பு அம்மா டேப் பிடித்து, வாட்ஸ்அப்பில் எண்களை அனுப்பி, தைத்த ரவிக்கை கூரியரில் போய், பொருந்தாமல், அங்கே அதைத் திருத்தத் தெரிந்த கையைத் தேடி அலைய வேண்டியிருந்தது. இப்போது வெட்டுப் படி கோப்பாக இருப்பதால் ஒரு நல்ல வழி பிறந்திருக்கிறது. வேலைப்பாட்டைத் தொடங்கும் முன் அதே படியில் காடாத் துணியில் ஒரு ரவிக்கை தைத்து முதலில் அனுப்புகிறார்கள். பெண் அதை உடுத்தி, கையைத் தூக்கி, குனிந்து, உட்கார்ந்து ஒரு காணொளி எடுத்து அனுப்புகிறாள். எங்கே இழுக்கிறது என்று பேனாவால் காடாத் துணியிலேயே குறித்தும் காட்டலாம். திருத்தம் கோப்பில் ஏறுகிறது. காடாத் துணியின் விலையைக் கல்யாணச் செலவில் யாரும் கணக்கெடுக்கப் போவதில்லை. ஸ்கேனும் காடாவும் சேரும் இந்த முறையே இன்று இருப்பவற்றில் நம்பகமானது என்பது என் எண்ணம்.

அந்நிய ஆடவர் கை படாமல் வீட்டிலேயே அளவெடுக்கலாம் என்பது பல பெண்களுக்கு இதில் பெரிய ஆறுதல். மறுபுறம், இறுக்கமான உடையில் எடுத்த படங்கள் யாருடைய கைபேசியில் எவ்வளவு காலம் கிடக்கின்றன என்ற கவலையும் வருகிறது. இந்தியாவில் 2023இல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலையும் அழிக்கக் கேட்கும் உரிமையையும் பேசுகிறது. தெருமுனைத் தையல் கடையின் வாட்ஸ்அப்வரை அது எப்போது எட்டும் என்று காத்திருப்பதைவிட, எண்கள் எடுத்தவுடன் படங்களை அழிக்கச் சொல்லிக் கேட்டுவிடுவது நடைமுறைக்கு ஒத்தது. படத்தில் முகம் தேவையே இல்லை, மறைத்தே அனுப்பலாம்.

எந்தக் கருவியாலும் பிடிக்க முடியாதது ஒன்று உண்டு: அளவெடுத்த நாளுக்கும் முகூர்த்த நாளுக்கும் நடுவே உடல் மாறும். நிச்சயதார்த்தம் முடிந்ததும் உடற்பயிற்சி தொடங்குபவர்கள் உண்டு, விருந்துக்கு மேல் விருந்து என்று பருப்பவர்களும் உண்டு, கவலையில் இளைப்பவர்கள் அதிகம். மூன்று மாதத்துக்கு முந்தின ஸ்கேன் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் மூன்று மாதத்துக்கு முந்தின பெண்ணுடையது. இதற்கு மருந்து பழையதுதான். பக்கத் தையலில் இருபுறமும் ஓர் அங்குலம் துணியை உள்ளே விட்டு, அந்தப் பகுதிக்குள் மணி வராமல் வேலைப்பாட்டை நிறுத்திக்கொள்வது. முதுகில் கொக்கிக்குப் பதில் நாடா வைப்பது. மேற்கத்தியக் கவுன்களில் முதுகு ஜிப்பை எடுத்துவிட்டுக் கயிறு கோப்பதும் இதே காரணத்துக்காகத்தான். இரண்டு மூன்று அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் கயிறு பார்த்துக்கொள்ளும். கணினியில் படி வரையும்போது இந்த உள்துணிக்கு இடம் விடச் சொல்ல மறந்தால், மென்பொருள் கேட்டபடி கச்சிதமாக வெட்டித் தந்துவிடும். பிறகு பிரிப்பதற்கு ஒன்றுமே இருக்காது.

ரவிக்கையை முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்பாவது கைக்கு வரும்படி கேட்டு வாங்குங்கள். வந்ததும் கண்ணாடிமுன் நின்று பார்ப்பதோடு விட்டுவிடாமல், அன்று உடுத்தப்போகும் உள்ளாடையோடு அணிந்து, தரையில் சம்மணமிட்டுப் பத்து நிமிடம் உட்காருங்கள், குனிந்து கும்பிடுங்கள், உங்களைவிட உயரமான ஒருவரை எதிரே நிறுத்தி அவர் கழுத்தில் ஒரு துண்டை இரண்டு கைகளாலும் போடுங்கள். மாப்பிள்ளையின் தோழர்கள் அவரைத் தூக்கிப் பிடிக்கும் வழக்கம் உள்ள வீடு என்றால், எதிரே நிற்பவரை ஒரு முக்காலியில் ஏற்றிவிட்டு இன்னொரு முறை.